மலையிலிருந்து வந்த பெட்டிகள்

அளவெட்டி
05.03.1972

அன்புள்ள இந்திரகுமார் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் மலையிலிருந்து பத்திரமாக இறங்கி மெல்பேண் போய்ச் சேர்ந்ததாக உங்கள் அம்மா சொல்லி அனுப்பினார். கேட்டு நிம்மதியாக இருந்தது.

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. என்ன முறை போட்டு அழைப்பது என்று தெரியாமல் பெயரையே எழுதிவிட்டேன். "அத்தான் எண்டு எழுது பிள்ளை" என்று அம்மா குசினிக்குள் இருந்து குரல் கொடுக்கிறார். போன ஆவணியில் கலியாண எழுத்தன்று பக்கத்துக் கதிரையில் அரை மணித்தியாலம் இருந்தீர்கள். "பேனை கசியுது, கவனம்" என்று ஒரு தரம் சொன்னீர்கள். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு அத்தான் என்று எழுதக் கை வரவில்லை. குறை நினைக்க வேண்டாம்.

என் நிலைமை உங்களுக்குத் தெரியாதது அல்ல. பதிவுகாரர் வந்து எழுதிவிட்டுப் போனபடியால் சட்டப்படி நான் உங்கள் மனைவி. தாலி ஏறாதபடியால் ஊருக்கு இன்னும் இரத்தினசிங்கத்தாரின் மூத்த மகள்தான். தையில் தாலிகட்டு என்று பேசியிருந்தோம். தையில் நீங்கள் மலையில் நின்றீர்கள். அப்பா "அவர் வாறன் எண்டால் வருவார்" என்பதோடு சரி. ஆனால் தங்கச்சி யோகாவுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருக்கிறது. நித்தியானந்தன் என்று பெயர், வங்கியில் வேலை. மூத்தவளின் காரியம் முழுதாக முடியட்டும் என்று அவர்கள் பக்கத்தில் சொல்கிறார்கள். அதனால் ஒரு மாதம் சொன்னீர்களென்றால் நாள் பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், உங்கள் அவர் அவுஸ்திரேலியாவில் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். மலையில் ஏறி ஐஸ் தோண்டுகிறார் என்றேன். வகுப்பே சிரித்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கே அது என்ன வேலை என்று சரியாகத் தெரியாது. நேரம் கிடைத்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கமலினி


பிறன்ஸ்விக், மெல்பேண்
28.03.1972

அன்புள்ள கமலினிக்கு,

கடிதம் கிடைத்தது. என் வேலையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர். இதைக் கேட்காதவர்களையும் பிடித்து வைத்துச் சொல்லுகிறவன் நான் என்று என் சிநேகிதன் சிறிதரன் பகிடி பண்ணுவான். ஆகவே பொறுமையாக வாசியும்.

நாங்கள் போன மலை நியூகினியின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அவ்வளவு கிட்ட. கீழே வேர்த்து ஒழுகும் காடு. காடு முடிந்து பாறை, பாறைக்கு மேலே ஐஸ். ஆறு உறைந்து சரிவில் கிடப்பதாக நினைத்துக்கொள்ளும். அது மெல்ல நகரும். பனியாறு என்று சொல்லலாம். மலையில் விழும் வெண்பனி, அதற்கு மேல் விழுந்ததின் பாரத்தில் இறுகி ஐஸ் ஆகிறது. விழுந்த காலத்துத் தூசும் காற்றும் அதற்குள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். நாங்கள் கையால் திருகும் துளைகருவியைக் கீழே இறக்கி, உருளை உருளையாக அந்த ஐஸை வெளியே எடுக்கிறோம். அதைப் பனித்தண்டு என்று வைத்துக்கொள்வோம். மேலே உள்ள துண்டு போன வருஷத்தது. கீழே போகப் போக உமது பாட்டனாரின் காலம். துண்டை உருக்கி அந்தத் தண்ணீரைப் பரிசோதித்தால், அது விழுந்தபோது எவ்வளவு குளிர் இருந்தது என்று மதிப்பிடலாம். மனிதர் எவரும் வெப்பமானியோடு போயிராத ஓர் இடத்தில் அந்தக் காலத்து வானிலை தெரிகிறது என்றால் சும்மாவா?

சில துண்டுகளை ஐஸ்பெட்டிகளில் விமானமேற்றி இங்கே குளிரறையில் வைத்திருக்கிறோம். கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே நின்று அறுக்க வேண்டும். பக்கத்துத் தட்டில் தென்துருவத்து ஐஸ் இருக்கிறது. அது ஆயிரம் வருஷமானாலும் துருவத்தில் கிடக்கும். எங்களுடையது அப்படியல்ல. பழைய படங்களோடு ஒப்பிட்டால் பனியாறு வருஷா வருஷம் உருகி மேலே ஒதுங்கிக்கொண்டே போகிறது. எடுப்பதை இப்போது எடுத்தால்தான் உண்டு.

ஆவணியில் வருகிறேன். நாள் பார்க்கச் சொல்லும். அப்பா அம்மாவுக்கு என் அன்பு.

இந்திரகுமார்


அளவெட்டி
02.07.1972

அன்புள்ள இந்திரகுமார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு வகுப்புகளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரிகளை விட்டுவிட்டு. சிரித்த பிள்ளைகள் இப்போது உங்களைப் பெரிய ஆளாக நினைக்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

ஆவணி இருபத்தாறு நல்ல நாள் என்று ஐயர் குறித்துத் தந்திருக்கிறார். பந்தல்காரருக்கும் மேளகாரருக்கும் சொல்லியாயிற்று. அம்மா பலகாரத்துக்குச் சீனி சேர்க்கத் தொடங்கிவிட்டார். பங்கீட்டுக் கூப்பன் காலத்தில் அது எவ்வளவு பெரிய யாகம் என்று அங்கே இருக்கும் உங்களுக்கு விளங்காது. கூறைச் சேலையின் நிறம் பற்றி உங்களுக்கு அபிப்பிராயம் உண்டா என்று கேட்கச் சொன்னார்கள். இல்லை என்று நானே சொல்லிவிட்டேன். சரிதானே?

ஒரு சந்தேகம். மேலே ஐஸ் உருகுகிறது என்கிறீர்கள். அந்தத் தண்ணீர் கீழே ஊறி இறங்கினால் பழைய காலத்து ஐஸோடு கலந்துவிடாதா? இந்தக் கேள்வி என்னுடையது. பிள்ளைகள் தலையில் போடவில்லை.

நீங்கள் வரும் திகதியை முன்கூட்டியே எழுதுங்கள். அப்பா கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்து நிற்பதாகச் சொல்கிறார்.

இப்படிக்கு,
கமலினி


பிறன்ஸ்விக்
24.07.1972

அன்புள்ள கமலினிக்கு,

ஒரு துக்கமான செய்தி. போன கிழமை லீவு நாட்களில் எங்கள் குளிரறை இயந்திரம் நின்றுபோய்விட்டது. திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். மலையிலிருந்து கொண்டுவந்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. எந்தத் தண்ணீர் எந்த வருஷத்தது என்று இனி யார் சொல்வது? அன்றைக்கு முழுவதும் ஒருவரோடும் பேச முடியவில்லை.

மிஞ்சியதை உடனே அறுத்து அளந்தாக வேண்டும். ஆவணியில் வர ஏலாது. பந்தல் சொன்னவர்களிடம் என் பெயரில் மன்னிப்புக் கேட்கவும்.

உமது சந்தேகம் சரியானது. அதுதான் எங்களுக்கும் பெரிய தலையிடி. அதற்காகத்தான் மார்கழியில் மறுபடி போகிறோம். இந்த முறை இன்னும் உயரத்தில், உருகல் குறைந்த இடத்தில் துளைக்கப்போகிறோம்.

நான் யோசித்து ஒரு வழி கண்டிருக்கிறேன். எழுத்து முடிந்தபடியால் நீர் என் மனைவி என்ற முறையில் இங்கே வரலாம். விண்ணப்பம் போட்டுவிட்டேன். பங்குனியில் வந்தீரென்றால் நான் மலையிலிருந்து திரும்பியிருப்பேன். தாலியை இங்கேயே கட்டிக்கொள்ளலாம். ஐயர் இல்லை. சிறிதரனின் மனைவி சத்தியபாமா தன் வீட்டுச் சாமி அறையில் வைத்துக் கட்டலாம் என்கிறார்.

இந்திரகுமார்


அளவெட்டி
10.09.1972

அன்புள்ள அத்தான்,

எழுதிவிட்டேன். இனி இது பழகிவிடும்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் இந்த வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தாலி இல்லாமல் குமர்ப்பிள்ளையைப் பிளேன் ஏற்றுவதா என்று பெரிய மாமா முற்றத்தில் நின்று சத்தம் போட்டார். "எழுத்து முடிஞ்சுது எண்டால் அவள் அவையின்ரை பிள்ளை. நாங்கள் ஆர் மறிக்க?" என்று அப்பா கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்லுறாய்?" என்றார். என்னை யாராவது கேட்டது அதுதான் முதல் தரம். "ஓம், போறன்" என்றேன். அம்மா அழுதார்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். உங்கள் முகமே இப்போது சரியாக ஞாபகம் இல்லை. ஆனாலும் உங்கள் கடிதங்கள் பிடித்திருக்கின்றன. குளிரறையில் ஐஸ் உருகியதற்கு ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்த மனிதனோடு வாழலாம் என்று தோன்றுகிறது.

உங்கள் அம்மா நேற்றுத் தட்டானை அழைத்துப் பொன்னுருக்கினார். மாப்பிள்ளை இல்லாமல் தாலிக்குப் பொன்னுருக்கியது ஊரில் இதுதான் முதல் என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுத்தான் பலகாரம் சாப்பிட்டார்கள். தாலிக்கொடியை நானே கொண்டுவருவேன். கட்ட வேண்டியவரிடம் கட்டப்பட வேண்டியவள் கொண்டுபோய்க் கொடுப்பதும் ஒரு புதுமைதான்.

நான் போனால் யோகாவின் காரியத்தை வைகாசியில் வைக்க அவர்கள் சம்மதம். ஆகவே உங்களால் இரண்டு கலியாணம் நடக்கப்போகிறது.

அன்புடன்,
கமலினி


பிறன்ஸ்விக்
30.11.1972

அன்புள்ள கமலினிக்கு,

அனுமதி கிடைத்துவிட்டது. விமான ரிக்கற் தனியாக வரும். நாளை புறப்படுகிறோம். பெப்ரவரி முடிய இறங்கிவிடுவேன். மார்ச் மூன்றாம் திகதி விமான நிலையத்தில் நிற்பேன்.

கம்பளிச் சட்டை கொண்டுவர வேண்டாம். இங்கே நல்லது வாங்கலாம். மலைக்கு எழுதுவதானால் கீழே உள்ள முகவரிக்கு எழுதும். அடிவாரத்துக்கு வரும் ஹெலிகொப்டர் எப்போதாவது மேலே கொண்டுவந்து தரும்.

இந்திரகுமார்


தந்தி
26.02.1973

வேலை நீடித்தது. ஏப்ரல் முடிவில் திரும்புவேன். பயணம் மாற்ற வேண்டாம். சிறிதரன் விமான நிலையம் வருவார். இந்திரகுமார்.


மெல்பேண்
07.03.1973

அன்புள்ள அத்தான்,

வந்து சேர்ந்துவிட்டேன். தந்தி நான் கொழும்புக்கு வெளிக்கிடும் அன்று காலை கிடைத்தது. ஒருவருக்கும் காட்டாமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். காட்டியிருந்தால் பெரிய மாமா றெயினை மறித்திருப்பார்.

சுங்கத்தில் தாலிக்கொடியை எடுத்துப் பார்த்தார்கள். என்ன இது என்று கேட்ட மனிதருக்குக் கலியாணச் சங்கிலி என்றேன். ஏன் போடவில்லை என்றார். இன்னும் கட்டவில்லை என்றேன். தலையைச் சொறிந்துவிட்டு வாழ்த்துச் சொல்லித் திருப்பித் தந்தார். சிறிதரன் அண்ணா வெளியே ஒரு மட்டையோடு நின்றார். "தங்கச்சி, குறை நினையாதேங்கோ. அவன் ஐஸைக் கண்டால் எல்லாத்தையும் மறந்துபோவான்" என்றார். மட்டையில் திருமதி இந்திரகுமார் என்று எழுதியிருந்தது. வேறு யாரையோ தேடுகிறார் என்று நினைத்து நான் முதலில் அவரைக் கடந்து போய்விட்டேன்.

தாலி ஏறாமல் உங்கள் வீட்டில் இருப்பது சரியில்லை என்று சத்தியபாமா அக்கா தங்கள் வீட்டில் வைத்திருக்கிறார். பகலில் உங்கள் வீட்டுக்குப் போய்த் துப்புரவாக்குகிறேன். உங்கள் குசினியில் ஒரு சட்டியும் தண்ணீர் நிரப்பி மூடிய பதினைந்து போத்தல்களும் இருக்கின்றன. போத்தல்களைத் தொடப் பயமாக இருக்கிறது. எந்தக் காலத்துத் தண்ணீரோ. ட்றாமில் ஏற இறங்கப் பழகிவிட்டேன். இரண்டு நாள் தவறான பக்கம் போய்விட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் போலிருக்கிறது.

அத்தான், இதுவரைக்கும் நான் உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. தாலிகட்டு தள்ளிப் போனபோது சரி என்றேன். இங்கே வரச் சொன்னீர்கள், வந்தேன். இப்போது ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் முடிய நிற்காமல் அடுத்த ஹெலிகொப்டரில் இடம் கிடைத்தால் இறங்கி வந்துவிடுங்கள். எனக்கு இங்கே தனியாக இருக்கிறது. உங்களைப் பார்க்க விருப்பமாக இருக்கிறது.

அன்புடன்,
கமலினி


மலை முகாம்
24.03.1973

அன்புள்ள கமலினிக்கு,

உமது கடிதம் இன்று காலை ஹெலிகொப்டரில் வந்தது. அதே ஹெலிகொப்டர் ஒரு மணித்தியாலத்தில் திரும்பும். அவசரமாக எழுதுகிறேன். எங்களோடு வேலை செய்யும் கொலின் அதில் இறங்குகிறார். இந்தக் கடிதத்தை உம்மிடம் கையில் தருவார்.

நானும் வந்திருப்பேன். ஆனால் இதில் எனக்கு இடமில்லை. எங்கள் குழுத் தலைவரும் என்னை நிற்கச் சொல்லிவிட்டார். என்ன செய்வது?

ஆனால் நல்ல செய்தி ஒன்று. போன கிழமை மேல் முகட்டில் எடுத்த பனித்தண்டு கண்ணாடி போல் வந்திருக்கிறது. கறுப்புத் தூசுக் கோடுகள் ஒன்றோடொன்று கலக்காமல் வரிசையாக நிற்கின்றன. உருகிய தண்ணீர் அதைத் தொடவே இல்லை. நீர் கேட்டீரே, அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு இடத்தில் இப்படி எடுத்தால் பத்து வருஷ வேலைக்குப் போதும். துண்டுகள் கொலினோடு வருகின்றன.

ஏப்ரல் முப்பதாம் திகதி கட்டாயம். நாள் பார்த்து வையும்.

இந்திரகுமார்


மெல்பேண்
21.04.1973

இந்திரகுமார் அவர்களுக்கு,

இதை மலைக்கு அனுப்பவில்லை. உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். நீங்கள் வந்து கோட்டைக் கழற்றிவிட்டு ஆறுதலாக வாசிக்கலாம்.

கொலின் இந்த மாதத் தொடக்கத்தில் உங்கள் கடிதத்தோடு வந்தார். நல்ல பிள்ளை. மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். உங்களைப் பற்றி அவருக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்ல வேண்டும். அந்த மரியாதையில்தான் நடந்ததைச் சொன்னார். அவர் மேல் கோபிக்க வேண்டாம். அது எனக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியாது.

அன்றைக்கு ஹெலிகொப்டரில் இரண்டு இடம் இருந்ததாம். ஒன்று கொலினுக்கு. மற்றது உங்களுக்கு என்று தலைவரே சொன்னாராம், மனைவி வந்து காத்திருக்கிறாள், போ என்று. நீங்கள்தான் பெட்டிகளைத் தூக்கி அந்த இடத்தில் வைத்துக் கட்டினீர்களாம். தலைவர் மறுபடி சொன்னபோது, "ஐஸ் இருக்காது, அவள் இருப்பாள்" என்றீர்களாம். முகாமில் எல்லோரும் கை தட்டினார்களாம். கொலின் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டிகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மறுநாள் குளிரறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். உங்கள் கோட்டைத்தான் எனக்குப் போடத் தந்தார். ஒரு துண்டை விளக்குக்கு மேல் பிடித்துக் காட்டினார். நீங்கள் எழுதியபடியே கோடுகள் தெளிவாக இருந்தன. அழகாகத்தான் இருந்தது. நல்ல வேலை, செய்தே ஆக வேண்டிய வேலை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அறையில் நின்றபோது அழுகை வந்தது. கொலின் அதைக் குளிரென்று நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

மூன்று நாள் கோபமாக இருந்தேன். இடமில்லை என்று எழுதியதற்குத்தான் கூடுதல் கோபம். வரவில்லை, வேலை பெரிது என்று எழுதியிருந்தால் ஒருவேளை இங்கேயே இருந்திருப்பேன். இப்போது கோபம் இல்லை. நீங்கள் என்னை வெறுக்கவில்லை, மறக்கவும் இல்லை. எழுத்து முடிந்தது, இனி எங்கே போகப்போகிறாள் என்று நிம்மதியாக இருந்தீர்கள். நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். என் அப்பாவும்தான், பந்தல்காரரும்தான். நானும் அப்படி நினைத்துத்தான் விமானம் ஏறினேன். வேறு யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. உங்கள் கையால் அந்தத் தாலி எனக்கு ஏற வேண்டாம். அவ்வளவுதான்.

கோபர்க்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் தட்டுப்பாடாம். அடுத்த வருஷம் வகுப்பும் தரலாம் என்கிறார்கள். பக்கத்தில் ஓர் இத்தாலிக்கார அம்மாவின் வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். என் அனுமதி உங்கள் மனைவி என்ற பேரில்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று ஒரு வக்கீலைக் கேட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் போவேன். பதிவை ரத்துச் செய்ய வரும் கடதாசிகளில் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டியிருக்கும். தாமதிக்க வேண்டாம்.

தாலிக்கொடி சத்தியபாமா அக்காவிடம் இருக்கிறது. ஆடியில் ஊருக்குப் போகும்போது உங்கள் அம்மாவிடம் கொடுப்பார். ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். வைகாசியில் யோகாவின் தாலிகட்டு முடியும்வரை ஊருக்கு ஒன்றும் எழுத வேண்டாம். அதற்குப் பிறகு எழுதுங்கள், என் மேல் பிழை என்றே எழுதுங்கள். எனக்கு ஆட்சேபனை இல்லை.

வீட்டைக் கூட்டி வைத்திருக்கிறேன். போத்தல்களை வைத்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். கதவைப் பூட்டித் திறப்பைச் சிறிதரன் அண்ணாவிடம் கொடுக்கிறேன். பால் இல்லை. வரும் வழியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கமலினி இரத்தினசிங்கம்